ஆறாவது தடம்

ஏழு பாடல்கள், நாற்பத்தோரு நிமிடம்,
ஒரே லாரி.
கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் கிளம்பித்
தொப்பூர் இறக்கத்தில் முடியும்படி
வரிசை போட்டிருந்தோம்.
நடுவில் ஒன்றைத் தூக்கினால் கதை நொண்டும் என்று
இம்தியாஸ் எல்லோரிடமும் சொல்லிவிட்டான்,
யாரும் கேட்காமலே.

அறை, மாங்கூழ் டின் கிடங்கின் மேல்மாடி.
சுவரெங்கும் முட்டை அட்டை.
ஜூனில் பதிவு செய்ததால்
மூன்றாம் பாட்டில் ஒரு குளவி இருக்கிறது,
காரிமங்கலத்தைத் தாண்டும் இடத்தில்.
எடுக்க முடியவில்லை,
பிறகு எடுக்க மனமில்லை.

முதல் பாட்டு கல் ஏற்றிய எடை:
பேஸ் கிடாரின் ஒரே கம்பி, மூன்று நிமிடம்.
அடுத்ததில் காவேரிப்பட்டணம்,
வண்டியை ஓரங்கட்டி வீட்டுக்குப் பேசுகிறான்.
நல்லம்பள்ளித் தேநீருக்கு மட்டும்
புல்லாங்குழல் வைத்தோம்.
ஆறாவதுதான் எங்கள் பெருமை.
பிரேக் நழுவுவதைப்
பதினொரு வயலின்களால் எழுதியிருந்தேன்.
கணினி வயலின்கள்தாம்;
ஆனாலும் கேட்டவர்களுக்கு முதுகு சில்லிட்டது.
சில்லிட்டதா என்று
நானே கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

சென்றாயன் என்பது உண்மையான பெயர்.
மாற்றிவிடு என்றான் மாதேஷ்.
மாற்றுவதற்கு முன் அவர் மனைவியிடம்
ஒரு வார்த்தை கேட்டுவிடலாமென்று
போச்சம்பள்ளிக்குப் போனோம், ஸ்பீக்கரோடு.

மஞ்சுளா
ஷூ கம்பெனி ஷிப்ட் முடிந்து வந்து
அடையாள அட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்தார்.
முதல் பாட்டு முடிந்ததும் சொன்னார்:
“ஹாரன் இதில்ல.
அவரோடதுல ரெண்டாவது சத்தம் கம்மும்.”
இரண்டாவதில் சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு.
“இவ்வளவு நேரமெல்லாம் பேசமாட்டாரு.
சரி வைங்கறதோட முடிஞ்சிடும்.”
முழுச் சரணம் ஒன்று
அங்கேயே செத்தது.

ஆறு தொடங்கியது.
வயலின்கள் ஏறின.
நிறுத்தச் சொல்வாரென்று
இம்தியாஸின் விரல் பொத்தான்மேலேயே இருந்தது.
அவர் சொல்லவில்லை.
முழுசாகக் கேட்டார்,
தையல் விட்ட ஷூவைத் திருப்பித் திருப்பிப்
பார்ப்பதைப் போல.

“இத யாரு கேட்டது?” என்றார்.
புரியவில்லை எங்களுக்கு.
“அன்னிக்கு இந்தச் சத்தத்த யாரு கேட்டது?
பதினாலு தடவ போட்டுப் பாத்தேன்.
தொடர்பு எல்லைக்கு வெளியே.
எனக்கு வந்தது அதுதான்.
உங்களுக்கு மட்டும் வயலின்
எங்கருந்து வந்துச்சு?”

காபி கொடுத்தார். குடித்தோம்.
பெயர் இருக்கட்டும் என்றார்,
கதவருகே வந்து, ஸ்பீக்கரைப் பார்த்தபடி.
காவேரிப்பட்டணம் வரை
மூன்று பேரும் பேசவில்லை.

அன்றிரவு பதினொன்றையும் அழித்தேன்.
ஒவ்வொன்றாக. ஒரேயடியாக அழிக்கலாம்;
ஒவ்வொன்றாகத்தான் அழித்தேன்.
நாலு நிமிடம் பன்னிரண்டு நொடி
நீளம் மட்டும் மிச்சம்.
கதையின் உச்சத்தை எவனாவது வெட்டுவானா
என்று இம்தியாஸ் கத்தினான்.
நொண்டும்டா, நொண்டும்.
நொண்டட்டும் என்றேன்.
ஹாரனை மட்டும்
மாதேஷ் எங்கெங்கோ அலைந்து
கம்மிய ஒன்றைப் பிடித்துவந்தான்.

வெளியான பிறகு தினமும் புகார்.
ஆறாவது பழுது.
ஆறாவது இறங்கவில்லை.
விநியோகக் கம்பெனி இரண்டுமுறை திருப்பியது;
கோப்பில் ஒலி இல்லை, சரிபார்க்கவும்.
சரிபார்த்தோம், இல்லை,
என்று எழுதி அனுப்பினேன்.

நல்லம்பள்ளியில் நெடுஞ்சாலையோரக் கடையொன்றில்
ஒருநாள் அதைப் போட்டிருந்தார்கள்.
எங்களுடையதென்று சொல்லாமல்
டீ வாங்கி நின்றேன்.
புல்லாங்குழல் முடிந்தது.
ஆறு.
கடைக்காரர் ஸ்பீக்கரைத் தட்டினார்.
வயரைப் பிடுங்கிச் சொருகினார்.
மறுபடி தட்டினார்.
பெஞ்சிலிருந்த டிரைவர்
கிளாசை ஊதியபடி,
“டவர் போயிருச்சுபோலண்ணே” என்றார்,
தன் போனை ஒருமுறை எடுத்துப் பார்த்து.

ஏழு தொடங்கும் முன்பே
அவர் வண்டியில் ஏறிவிட்டார்.
தொப்பூர்ப் பக்கம் திருப்பும்போது
ஹாரன் அடித்தார்.
இரண்டாவது சத்தமும்
தெளிவாகத்தான் இருந்தது.